அப்பா ஓடிய லொறி

யதுர்ஷனுக்குக் கனரக வாகன லைசன்ஸ் கைக்கு வந்தபோது மாரி வேளாண்மை வெட்டுத் தொடங்கியிருந்தது. படுவான்கரை வயல் வட்டைகளில் நெல் மூட்டைகள் வரம்போரம் அடுக்கிக் கிடந்தன. ஏற்ற லொறி இருந்தது, ஓட ஆள் இல்லை. ஓடத் தெரிந்தவர்களில் பாதிப்பேர் கட்டாரிலும் சவூதியிலும் இருந்தார்கள். அதனால் பழுகாமத்துத் தங்கராசாவின் மகன் பெரிய லைசன்ஸ் எடுத்துவிட்டான் என்ற கதை பரவியதும், அவன் தேடிப்போகாமலே வேலைகள் அவனைத் தேடி வந்தன.

தங்கராசா என்பது அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய ஒரு லொறியின் பெயர். களுவாஞ்சிகுடி இளையதம்பி முதலாளியின் பச்சை லொறியை அவர் ஓடத் தொடங்கியபோது யதுர்ஷன் பிறந்திருக்கவில்லை. முதலாளி காலமாகி, மகன் திவாகரன் தொழிலைப் பொறுப்பெடுத்து, பச்சை லொறி போய் நீல லொறி வந்த பிறகும் றைவர் மாறவில்லை. பட்டிருப்புப் பாலத்தால் அந்த லொறி இறங்கினால் கடைக்காரர்கள் "தங்கராசா வாறார்" என்பார்கள். லொறி வருகிறது என்று ஒருவரும் சொல்வதில்லை.

யதுர்ஷன் அதுவரை கடை கடையாகச் சோடாப் போத்தல் இறக்கும் சின்னப் பட்டா வாகனம் ஒன்றை ஓடிக்கொண்டிருந்தான். பெரிய லொறி ஓடவேண்டும் என்பது அவனுடைய ஆசை என்று சொல்லமுடியாது. வேறு எதையும் அவன் யோசித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

முதலில் செங்கலடிக்குப் போனான். பதுளை வீதியில் மண் ஏற்றும் டிப்பர்கள் வைத்திருந்த ஒருவர் வரச் சொல்லியிருந்தார். அவர் லைசன்சைப் பார்க்கவே இல்லை. "ஒரு நாளைக்கு எத்தின நடை அடிப்பாய்?" என்று மட்டும் கேட்டார். அவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு டிப்பர் உள்ளே வந்து நின்றது. அதன் றைவர் எஞ்சினை நிறுத்தவுமில்லை, இறங்கவுமில்லை. இருந்த இடத்திலேயே ஒரு பணிஸைத் தின்று, தண்ணீரைக் குடித்துவிட்டு, சிவந்த கண்களைத் துடைத்தபடி திரும்பவும் போனான். யதுர்ஷன் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தான்.

அடுத்தது ஏறாவூர். அப்துல் கபூர் ஹாஜியாருக்கு அரிசி ஸ்டோரும் மூன்று லொறிகளும் இருந்தன. தம்புள்ளைக்கு அரிசி போகும். வரும்போது வெங்காயமும் மரக்கறியும் வரும். ஹாஜியார் லைசன்சை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, இரண்டு பக்கமும் வாசித்தார்.

"எங்கயாவது அடிச்சிருக்கியா தம்பி?"

யதுர்ஷன் தயங்கினான். "ஒருக்கா. களுதாவளையில ஒரு ஆடு."

"இல்லையெண்டு சொல்லியிருந்தா நான் உன்ன எடுத்திருக்க மாட்டன்," என்றார் ஹாஜியார். "ஆனா முதல் மூணு மாசம் நீ பக்கத்துச் சீட்டுலதான். றம்ஸீன் ஓடுவான், நீ பாத்துக்கொண்டு போ. வெறும் லொறியெண்டா ஓடு. பாரத்தோட ஓடுறத மறுகா பாப்பம்."

அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. அப்பாவின் லொறியில் ஏறி இறங்கி வளர்ந்தவனுக்கு மூன்று மாதம் பக்கத்துச் சீட்டா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான்.

வீட்டில் அப்பா இரண்டு இடத்தைப் பற்றியும் விசாரித்தார். அடுத்த நாள் காலை தேத்தண்ணீர் குடிக்கும்போது, கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "திவாகரன் தம்பி உன்ன வரட்டாம். ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வா."

புது லொறி ஒன்று வாங்கப் போகிறார்களாக்கும் என்று யதுர்ஷன் நினைத்தான். அப்பா ஒரு லொறி, தான் ஒரு லொறி. பட்டிருப்புப் பாலத்தில் எதிர் எதிரே வந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தபடி சைக்கிளை மிதித்தான்.

திவாகரனின் நெல் ஸ்டோர் முற்றத்தில் நீல லொறி நின்றது. நாலைந்து பேர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திவாகரன் நாற்பது வயதுக்காரர், தகப்பனைப் போலச் சத்தம் போடத் தெரியாதவர். மேசையில் இருந்த லொறித் திறப்பை அவன் பக்கம் தள்ளி வைத்தார். அந்தத் திறப்பில் தொங்கிய சிவப்பு நூலைக் கட்டியவள் யதுர்ஷனின் அம்மா.

"நாளையில இருந்து நீ ஓடு தம்பி."

"எத?"

"இதத்தான். தங்கராசா அண்ணனுக்கு வயசும் போயிற்று. இனி அவருக்கு ஏலாது. இங்க ஸ்டோருக்குள்ள ஒரு வேலை அவருக்குக் குடுப்பன்."

யதுர்ஷனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது இரண்டும் சுட்டன.

"அப்பாக்குத் தெரியுமா?"

திவாகரன் முற்றத்தைப் பார்த்தார். "அவரோட நான் கதைக்கிறன். நீ அத யோசிக்காத."

"அவர எழுப்பிப்போட்டு அந்தச் சீட்டுல என்ன இரிக்கச் சொல்றீங்களா?" அவன் குரல் ஏறியது. மூட்டை இறக்கியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "உங்கட அப்பா இருந்த காலத்தில இருந்து இந்த லொறியே கதியெண்டு கிடந்த மனிசன். வெள்ளத்துக்க நெஞ்சளவு தண்ணியில நிண்டு உங்கட நெல்லக் காப்பாத்தினவர். அவர எடுத்து எறியிறதுக்கு அவர்ட மகனையே கூப்பிட்டிருக்கீங்க. றோட்டுல போற ஒருத்தனக் கூப்பிட்டிருந்தாலும் எனக்கு இவ்வளவு நோகாது."

"தம்பி, இரி. ஒருக்கா இரி," என்றார் திவாகரன். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டது போல நிறுத்திக்கொண்டார். யதுர்ஷன் திறப்பைத் தொடாமல் வெளியே வந்தான்.

அவன் வீட்டுக் கடப்படியில் சைக்கிளைச் சாய்த்தபோது அப்பா கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார்.

"என்னவாம் தம்பி?"

"ஒண்டுமில்ல. நான் ஏறாவூருக்கே போறன் அப்பா."

"திவாகரன் தம்பி என்ன சொன்னவர் எண்டு கேட்டனான்."

"அங்க எனக்குச் சரிவராது."

தங்கராசா துவாயைக் கையில் பிடித்தபடி நின்றார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. "ஹாஜியார் நல்ல மனிசன்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்பாவின் மனம் நோகாமல் விஷயத்தை மறைத்துவிட்டோம் என்று யதுர்ஷனுக்கு ஒரு நிம்மதி இருந்தது. தான் செய்தது சரி என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

அந்த நெல் வெட்டு முடியுமுன்னே நீல லொறியில் பெரியகல்லாற்று மதுரன் றைவராக ஏறினான். யதுர்ஷன் அப்போது ஏறாவூரில் ஸ்டோருக்குப் பின்னாலிருந்த அறையில் றம்ஸீனோடு தங்கியிருந்தான். அம்மா கேதீஸ்வரி போனில்தான் சொன்னாள். அப்பா பஸ்ஸில் வந்து இறங்கினாராம். லொறிக்குள் வைத்திருந்த தலையணையும் சீப்பும் கண்ணகை அம்மன் படமும் ஒரு சொப்பிங் பையில் இருந்தனவாம். ஸ்டோரில் வேலைக்குப் போகமாட்டாராம்.

"நான் மாட்டனெண்டு சொன்னதுக்குப் பழி வாங்குறான்," என்றான் யதுர்ஷன். அம்மா போனை வைத்துவிட்டாள்.

மூன்று மாதப் பக்கத்துச் சீட்டு அவன் நினைத்ததைவிட நல்லதாகவே இருந்தது. றம்ஸீன் கதைகாரன். யானை கடக்கும் இடங்களில் மட்டும் கதையை நிறுத்துவான். வெலிக்கந்தை தாண்டும்போது எங்கே வேகம் குறைப்பது, மன்னம்பிட்டிப் பக்கம் எந்த மரத்தடியில் நிறுத்திப் படுப்பது எல்லாம் பழக்கினான். நித்திரை வந்தால் நிறுத்து, அரிசி அழுகாது என்று ஹாஜியார் சொல்லியே அனுப்புவார். பாரத்தோடு முதல் முறை தானே தம்புள்ளைக்கு ஓடி வந்த அன்று யதுர்ஷன் வீட்டுக்குப் போன் எடுத்தான். அம்மா சந்தோசப்பட்டாள். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான். அவர் வளவுக்குள் நிற்கிறார் என்றாள்.

வீட்டுக்கு வரும் நாட்களில் அப்பா அவனோடு கதைத்தார். மழையைப் பற்றிக் கதைத்தார், தேங்காய் விலையைப் பற்றிக் கதைத்தார். லொறியைப் பற்றி மட்டும் ஒரு சொல் கேட்கவில்லை. பகல் முழுவதும் மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்தார். ரோட்டில் பாரம் ஏற்றிய லொறி போனால் தலையை அந்தப் பக்கம் திருப்பாமல் அது வளைவில் கிறுகும் வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யதுர்ஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். திவாகரன் புதுக் கார் வாங்கிவிட்டான் என்று யாரோ சொன்னதை அவன் எடுத்து, "மனிசரச் சக்கையாப் பிழிஞ்ச காசு" என்று தொடங்கினான்.

"வாய மூடு மனே," என்றாள் அம்மா.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்தப் பிள்ளைய ஏசாத. அது ஒரு பிழையும் செய்யல்ல. உங்கப்பாதான் போய்க் கேட்டவர்."

"என்னத்தக் கேட்டவர்?"

கேதீஸ்வரி சோற்றுக் கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போன வருசத்திலிருந்தே அவருக்குக் கண் மங்கல். ஓரங்கள் தெரிவதில்லை. ஸ்டோர்க் கேற்றுத் தூணில் ஒருநாள் லொறியை உரசினார். திவாகரன் ஒன்றும் கேட்கவில்லை. மாரி தொடங்கும்போது வெல்லாவெளி ரோட்டில் சைக்கிளில் வந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றை அவர் காணவே இல்லை. பிள்ளையின் பை பக்கக் கண்ணாடியில் பட்டு விழுந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அவர்தான் லொறியை ஓரத்தில் நிறுத்திவிட்டு, வெகு நேரம் அதிலேயே இருந்தாராம்.

"வந்து எனக்கிட்டச் சொல்லி அழுதார். அடுத்த நாள் திவாகரன் தம்பிக்கிட்டப் போய், இனி நான் ஓடினாப் பாவம், என்ட மகன் லைசன்ஸ் எடுக்கப் போறான், அவன ஏத்துங்க எண்டு கேட்டிருக்கார். நான் கேட்டனெண்டு மட்டும் அவனுக்குச் சொல்லிராதீங்க, நீங்களா எடுத்த மாதிரி இரிக்கட்டும் எண்டு சத்தியம் வாங்கிப்போட்டு வந்தவர். மகன் ஓடினா நான் ஓடின மாதிரித்தானே எண்டு எனக்கிட்டச் சொன்னவர்."

யதுர்ஷனின் கை சோற்றுக்குள்ளேயே இருந்தது.

"ஏன்மா எனக்குச் சொல்லல்ல?"

"அண்டைக்கு நீ வந்து நிண்ட நிலைக்கு ஆரு சொல்லுற? நீ அங்க கத்தினதெல்லாம் மூட்டை இறக்கினவங்க வந்து அவருக்குச் சொல்லிட்டாங்க. நான் சொல்லத்தான் போனன். அவர்தான் விடல்ல. எனக்காகத்தானே சண்ட பிடிச்சான், விடு எண்டார்."

அவன் கையைக் கழுவிவிட்டு நேரே களுவாஞ்சிகுடிக்குப் போனான். திவாகரன் வீட்டு வாசலில் நின்று, எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "அண்ணன், எனக்குத் தெரியாது" என்றான். திவாகரனுக்கு விளங்கிவிட்டது.

"நான் அவருக்கு வாக்குக் குடுத்திருந்தன் தம்பி. அண்டைக்கு நீ வெளிக்கிட்டுப் போகக்குள்ள பின்னால வந்து சொல்லுவமா எண்டும் நினைச்சன். மறுகா விட்டிட்டன்." அவர் கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப மதுரன் ஓடுறான். ரெண்டு சின்னப் பிள்ளையள் அவனுக்கு. ஒரு குறையும் சொல்ல ஏலாது. என்னத்தச் சொல்லி அவன இறக்கிற?"

"இறக்க வேணாம் அண்ணன். நான் அதுக்கு வரல்ல," என்றான் யதுர்ஷன். எதற்கு வந்தான் என்பது அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

முற்றத்தில் மதுரன் நீல லொறியின் முன்கண்ணாடியைக் கடதாசியால் துடைத்துக்கொண்டிருந்தான். யதுர்ஷனைக் கண்டதும் மரியாதையாக இறங்கி வந்தான். "நல்ல லொறி அண்ணன். கிளச் மட்டும் கொஞ்சம் மேலுக்குத்தான் பிடிக்குது. இறக்கி வைப்பமா எண்டு பாக்கிறன்."

"இறக்கி வை," என்றான் யதுர்ஷன். "அது அப்பாட காலுக்கு வச்சது."

மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அப்பாவை அவன்தான் கூட்டிக்கொண்டு போனான். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பழுதாகிவிட்டது என்றார் பெண் டொக்டர். இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடலாம், போனது வராது. "முதலே வந்திருக்கலாமே ஐயா?" என்று கேட்டார். தங்கராசா சிரித்தார். "எங்க மகள், நெல்லு வெட்டு நேரம்," என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் இருந்தார். ஆரையம்பதி தாண்டியதும், "அப்பா, எனக்குத் தெரியாமப் போயிற்று," என்றான்.

"தெரிஞ்சிருந்தா ஏறியிருப்பியா?"

அவன் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அப்பா அவன் தொடையில் இரண்டு தரம் தட்டினார்.

இதெல்லாம் ஹாஜியாருக்கு றம்ஸீன் மூலம் போய்ச் சேர்ந்திருந்தது. றம்ஸீனின் தங்கை அம்னாவின் கலியாணத்துக்கு அவன் லீவு கேட்டபோது ஹாஜியார் யதுர்ஷனைக் கூப்பிட்டார். "பக்கத்துச் சீட்டு வெறுமனே கிடக்கு. உன்ட வாப்பாவ ஏத்திக்கொண்டு போ," என்றார். "போற இடமெல்லாம் அவருக்குத் தெரிஞ்ச இடம்தானே."

அப்பா முதலில் மறுத்தார். நான் என்னத்துக்கு, பாரமா என்றார். அம்மா அவருடைய வெள்ளைச் சேட்டைச் சுருக்கமில்லாமல் மினுக்கிக் கதிரையில் போட்டாள். அதைப் பார்த்துவிட்டு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

விடியப் புறப்பட்டார்கள். தங்கராசா இடப்பக்கம் இருந்து பழகாதவர். ஏறும்போதே வலப்பக்கக் கதவடிக்குப் போய், பிறகு திரும்பி வந்தார். வழியெல்லாம் அவருடைய கால் வெறும் தகட்டை மிதித்துக்கொண்டே வந்தது. யதுர்ஷன் பிறேக் பிடிக்கும்போது அந்தக் காலும் அழுத்தும். இரண்டும் ஒரே நேரத்தில் அழுத்தியபோதெல்லாம் அவர் மெதுவாக மூச்சு விட்டார். புத்தி ஒன்றும் சொல்லவில்லை. பொலன்னறுவை தாண்டிய பிறகு, "நல்லா ஓடுற," என்றார். அவன் ரோட்டைப் பார்த்தபடியே "ஓம்" என்றான்.

தம்புள்ளைச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமைமாரும் பழைய றைவர்மாரும், முந்தி நெல்லோடு வந்துபோன அப்பாவை அடையாளம் கண்டுகொண்டார்கள். சிங்களத்திலும் தமிழிலுமாக நலம் விசாரித்தார்கள். எங்கே இவ்வளவு நாளும் காணவில்லை என்று கேட்டார்கள். அவர் யதுர்ஷனின் தோளைத் தேடிப் பிடித்து, "என்ட மகன். இப்ப ஓடுறது இவன்தான்," என்றார். யாருடைய லொறி என்று அவர்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெங்காயம் களுவாஞ்சிகுடிக் கடைகளுக்கு என்பதால் ஏறாவூரில் நிற்காமல் நேரே வந்தார்கள். மட்டக்களப்பு நகரம் தாண்டிக் கல்லடிப் பாலத்தில் லொறி ஏறியது. வெயில் இன்னும் இறங்கவில்லை. வாவி முழுக்கத் தகடு விரித்தது போல மின்னியது. தோணிகள் கண்ணுக்குக் கூசும் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரிந்தன. யதுர்ஷன் வெயிலுக்காகக் கண்ணுக்கு மேலிருந்த மறைப்பை இறக்கினான்.

"மகன்," என்றார் அப்பா. "லைட்டப் போடு. பொழுதுபட்டிட்டு."

அவன் திரும்பிப் பார்த்தான். அப்பா இமைக்காமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் அவருடைய வெள்ளைச் சேட்டிலும் முகத்திலும் முழுதாக அடித்துக்கொண்டிருந்தது.

"ஓம் அப்பா," என்றான். கையை நீட்டி விளக்கைப் போட்டான்.

எதிரே வந்த பஸ்காரன், பகலில் விளக்கெரிகிறது என்று காட்டக் கையை வெளியே நீட்டி ஹோன் அடித்தான். பாலம் இறங்கியதும் ஒரு ஓட்டோக்காரன் அடித்தான். அதன் பிறகு இன்னொரு லொறி. யதுர்ஷன் ஒவ்வொருவருக்கும் கையை உயர்த்திக்காட்டினான்.

"என்னத்துக்கு எல்லாரும் ஹோன் அடிக்கிறாங்கள்?"

"தெரிஞ்ச ஆக்கள் அப்பா."

தங்கராசாவின் முகம் மலர்ந்தது. "அதுக்குள்ள உனக்கு இவ்வளவு பேரத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். காத்தான்குடி பேரீச்ச மரங்களுக்கு இடையால் லொறி போய்க்கொண்டிருந்தது. யதுர்ஷன் விளக்கை அணைக்கவில்லை.